எம்டனும் அரிசி வரிசையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் எழுத்தைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல்முறை. அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேற்கு மாம்பலத்தில் வசிக்கிறேன். தினமும் காலையில் நடேசன் பூங்காவில் முக்கால் மணி நேரம் நடப்பேன். அதன்பின் சிமெண்டு பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் பேச்சு.

முன்பெல்லாம் அந்தப் பேச்சு சர்க்கரை அளவு, மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளம், பிள்ளைகளின் விசா என்று போய்க்கொண்டிருக்கும். உக்ரைன் போருக்குப் பிறகு எங்கள் பெஞ்சு ஒரு போர்க்கால மந்திரிசபையாகிவிட்டது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், டாலர் இரண்டே ஆண்டுகளில் வெறும் காகிதமாகிவிடும் என்கிறார். இன்னொருவரின் மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். அமெரிக்கா எதைச் செய்தாலும் அதற்குள் நமக்கு எட்டாத ஒரு கணக்கு இருக்கிறது என்பது அவர் கட்சி. மூன்றாமவர் அம்பத்தூரில் பட்டறை வைத்திருந்தவர். எந்த வல்லரசு அடிவாங்கினாலும் கைதட்டுவார். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்ட பன்னிரண்டு நாளும் எங்களுக்குள் பேச்சு சண்டையாகவே முடிந்தது.

வேடிக்கையாக மட்டும் இருந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். அதே ஆண்டு ஏப்ரல் 7 அன்று சென்செக்ஸ் 2,200 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. 2008-ஐ விடப் பெரிய சரிவு வரப்போகிறது என்று பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். மறுநாளே மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்ததில் பாதியை எடுத்துவிட்டேன். மே மாதம் முடிவதற்குள் சந்தை பழைய இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. என் மனைவி இதுபற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

எங்கோ நடக்கும் போர்களைப் பற்றி நம்மைப் போன்றவர்கள் இவ்வளவு உறுதியாகப் பேசுவது ஏன்? பேசாமல் இருப்பதுதான் சரியா? டாலர் விழுந்துவிடும், தங்கம் வாங்கு என்கிறார்களே, அதில் உண்மை உண்டா? கடைசியாக ஒன்று. என் மனைவியின் தம்பி தோஹாவில் வேலை பார்க்கிறார். அவரைத் திரும்பி வரச் சொல்லலாமா என்று வீட்டில் தினமும் பேச்சு நடக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
எஸ்., மேற்கு மாம்பலம், சென்னை.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மூவரும் எனக்குப் பழக்கமானவர்கள்தாம். நூறாண்டுகளுக்கும் மேலாக இந்த ஊரின் ஏதாவது ஒரு திண்ணையில் அவர்கள் உட்கார்ந்தே இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. உலகத்தின் பெரிய சண்டைகளை இந்த ஊர் எப்படி எதிர்கொண்டது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால், போரைப் பற்றி நாம் பேசுவது குற்றமல்ல, ஆனால் அது எந்த வழியாக நம் வீட்டுக்குள் நுழைகிறது என்பதைப் பெரும்பாலும் தவறாகவே ஊகித்திருக்கிறோம் என்பது தெரியவரும்.

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பத்து நிமிடம் போல் குண்டு வீசிவிட்டு இருளில் மறைந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் இருந்த சிலர் இறந்தார்கள். உயர்நீதிமன்ற வளாகத்துச் சுவரில் அதற்கான நினைவுக் கல் இன்றும் இருக்கிறது. போர்க்கணக்கில் பார்த்தால் அது ஒரு சிறிய சேதம். ஆனால் அடுத்த சில நாட்களில் மூட்டை முடிச்சுகளுடன் ரயில் நிலையங்களை மொய்த்த கூட்டத்துக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும்? எம்டன் திரும்பி வரும், ஜெர்மானியர் கரையிறங்குவார்கள் என்று பேச்சு பரவியது. கப்பலில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்றொரு கதையும் பிறந்து, சான்று ஏதும் இல்லாமலே இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லருக்குச் சென்னையைப் பிடிக்கும் எண்ணமே இல்லை. ஒற்றைக் கப்பலால் ஒரு நகரத்தைப் பிடிக்கவும் முடியாது. ஆங்கிலேயரின் மதிப்பைக் குலைப்பதும் வணிகத்தைத் தடுமாறச் செய்வதும்தான் அவருடைய நோக்கம். அந்த மாதம் முழுவதும் வங்காள விரிகுடாவில் அவர் சரக்குக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்துக்கொண்டிருந்ததால் மற்ற கப்பல்கள் துறைமுகங்களைவிட்டு வெளியேறவே அஞ்சின, கடல் காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. நகரத்து மக்கள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடியோ வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனைச் செயலிழக்கச் செய்தது. அத்தோடு அந்தக் கதை முடிந்தது, ஒரு சொல்லைத் தவிர.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் இன்றும் சொல்கிறோம். அதில் அச்சம் மட்டுமா இருக்கிறது? யாருக்கும் பிடிகொடுக்காத சாமர்த்தியசாலி என்ற வியப்பும் இருக்கிறது. தன்னை ஆண்டுகொண்டிருந்தவனின் வாசலில் வந்து அடித்துவிட்டுப் போனவனை இந்த ஊர் பயந்தபடியே ரசித்திருக்கிறது. உங்கள் அம்பத்தூர் நண்பரின் கைதட்டல் அந்த ரசனையின் வாரிசு. பெரியவனுக்கும் வலிக்கும் என்று காண்பதில் சிறியவனுக்கு ஓர் ஆறுதல் உண்டு. அதை நான் கண்டிக்க மாட்டேன். ஆனால் அன்றிரவு செத்தது கவர்னர் அல்லர் என்பதை அவரிடம் ஒருமுறை நினைவுபடுத்துங்கள்.

1942-இன் கதை இன்னும் சிக்கலானது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் போனது. ஏப்ரல் 5-இல் கொழும்பின்மீதும் மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகியவற்றின்மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்தது சென்னைதான் என்று நினைக்காதவர் இருந்திருக்க முடியாது. இந்த முறை மக்கள் மட்டும் பதறவில்லை. இங்கே இருந்தே ஆகவேண்டிய வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டு வெளியேறலாம் என்று அரசாங்கமே சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. அப்போது பார்க் டவுனில் இருந்த மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலி முதலானவை குண்டுவீச்சில் கூண்டு உடைந்து தப்பிவிடக்கூடும் என்று சுட்டுக் கொல்லப்பட்டன. யோசித்துப் பாருங்கள்: சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் சிங்கத்தைச் சுடும் ஓசை கேட்ட ஒருவனிடம், பயப்படாதே, எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று எந்த அறிக்கையால் சொல்ல முடியும்?

மக்களின் பீதியை அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாதாரண மனிதனுக்குப் போர் வியூகம் தெரியாது; தெரிந்தவன் என்று அவன் நம்புகிறவனின் நடத்தை தெரியும். மேலதிகாரியின் வீட்டு வாசலில் லாரி நிற்கிறதா, சேட்டு நகைகளை வெளியூருக்கு அனுப்புகிறாரா, துறைமுக எழுத்தர் மனைவியை மாமனார் ஊருக்கு வண்டி ஏற்றுகிறாரா என்று பார்த்துத்தான் அவன் முடிவெடுக்கிறான். ஏப்ரல் 7 அன்று உங்கள் கண்ணில் பட்டதும் அதுதானே? சரிந்த எண்களைவிட, விஷயம் தெரிந்தவர் என்று நீங்கள் மதிக்கும் வங்கி மேலாளரின் முகம் உங்களை அதிகம் அசைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜப்பானியர் வரவில்லை. ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படை இந்துமாக்கடலுக்கு வந்தது பிரிட்டிஷ் கடற்படையை அடித்து, பர்மாவில் தங்கள் படைக்குப் பக்கப் பாதுகாப்புத் தேடத்தான். சென்னையில் இறங்க அல்ல. திரிகோணமலையைத் தாக்கியபின் அது கிழக்கே திரும்பிவிட்டது. கொழும்பைக் கலங்கவைத்த அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்று விமானந்தாங்கிக் கப்பல்களும் இரண்டே மாதத்தில் பசிபிக் கடலின் மிட்வே சண்டையில் மூழ்கின. 1943 அக்டோபரில் ஓர் ஒற்றை விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதுதான் சென்னை கண்ட ஜப்பானியத் தாக்குதல்.

அப்படியானால் போர் நம்மைத் தொடவே இல்லையா? என் அப்பாவைப் பெற்ற பாட்டி அந்த ஏப்ரலில் தங்கசாலைத் தெருவிலிருந்து இரண்டு குழந்தைகளுடன் அரக்கோணத்துப் பக்கம் போய், சில மாதங்களில் திரும்பி வந்தவள். 1942-ஐப் பற்றிக் கேட்டால் விமானத்தையோ குண்டையோ அவள் சொன்னதே இல்லை. திரும்பி வந்தபின் கண்ட அரிசியைப் பற்றித்தான் சொல்வாள். ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி ரங்கூனோடு சேர்ந்து நின்றுபோனது. நகரத்தில் பங்கீடு வந்தது. கடை திறப்பதற்கு முன்பே விடியற்காலையில் துணிப்பையையோ செங்கல்லையோ வரிசையில் இடம்போட்டு வைத்துவிட்டு வருவார்களாம். ஒருநாள் அரிசிக்குப் பதிலாகக் கோதுமையை அளந்து போட்டார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் உரலில் இடித்துக் கஞ்சி காய்ச்சி, வீட்டில் எல்லோருக்கும் வயிறு கெட்டதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இது சென்னையின் கதை. வங்காளத்தில் 1943-இல் இருபது முப்பது லட்சம் பேர் பஞ்சத்திலும் நோயிலும் மாண்டார்கள். பர்மா அரிசி நின்றது அதன் காரணங்களில் ஒன்று, படகுகளையும் நெல்லையும் பறித்த அரசின் கொள்கையும், அரிசியைப் பதுக்கியவர்களின் பேராசையும் மற்றவை. எல்லோரும் கடற்கரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது போர் அரிசிக் கடை வழியாக உள்ளே வந்துவிட்டது.

இதே கூத்தை என் காலத்தில் நானே பார்த்தேன். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைப் பிடித்தது. அடுத்த ஜனவரியில் அமெரிக்கக் கூட்டுப்படை குண்டு வீசத் தொடங்கியபோது, எங்கள் தெருமுனை டீக்கடையில் ஈராக்கின் ஸ்கட், அமெரிக்காவின் பேட்ரியாட் என்ற இரண்டு ஏவுகணைகளின் பெயர் தெரியாத ஆளே கிடையாது. எத்தனை ஸ்கட்டை எத்தனை பேட்ரியாட் வானத்திலேயே வீழ்த்தியது என்று கிரிக்கெட் ஸ்கோர் போலச் சொல்வோம். அந்த வெற்றிக் கணக்குகள் மிகைப்படுத்தப்பட்டவை என்பது பின்னால் தெரிந்தது. அதைவிட எனக்கு வெட்கம் தருவது வேறொன்று. நாங்கள் ஏவுகணை எண்ணிக்கொண்டிருந்த அதே மாதங்களில் இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. குவைத் போனதால் எண்ணெய் விலை ஏறத்தாழ இரட்டிப்பானது. வளைகுடாவிலிருந்து வரும் பணம் குறைந்தது. ஏற்கெனவே கடனில் தள்ளாடிக்கொண்டிருந்த கஜானாவில் 1991-இன் நடுவில் இரண்டு மூன்று வார இறக்குமதிக்கான பணமே மிஞ்சியது. மே மாதம் 20 டன் தங்கமும் ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கமும் வெளிநாட்டுக்குப் போயின. ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பு இரண்டு தடவை குறைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த பொருளாதார மாற்றங்கள்தாம் நீங்களும் நானும் இன்று மியூச்சுவல் ஃபண்டு என்று பேசுவதற்கே அடித்தளம். ஒரு ஸ்கட்டும் நம் பக்கம் வரவில்லை. ஆனால் அந்தப் போர் இந்தியாவை மாற்றிய அளவுக்கு வேறெந்த வெளிநாட்டுப் போர் மாற்றியது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் நியூ ஜெர்சி நண்பரிடம் வருகிறேன். வல்லரசுகள் எடுக்கும் எந்த முடிவுக்கும் அடியில் ஆழ்ந்த திட்டம் இருக்கிறது என்ற நம்பிக்கை படித்தவர்களிடம்தான் மிகுதி. நடந்து முடிந்ததைப் பின்னால் நின்று பார்க்கும்போது எல்லாமே காய் நகர்த்தலாகத் தெரியும். உங்கள் பணத்தை நீங்கள் எடுத்த அந்த வாரத்தையே பாருங்கள். ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஏறத்தாழ எல்லா உலக நாடுகளின்மீதும் இறக்குமதி வரிகளை அறிவித்தார். பங்குச்சந்தைகள் விழுந்தன, அதோடு நிற்காமல், எந்தக் கலக்கத்திலும் எல்லோரும் ஓடி ஒளியும் இடமான அமெரிக்கக் கடன் பத்திரங்களையே விற்கத் தொடங்கினார்கள். ஏப்ரல் 9 அன்று பெரும்பாலான நாடுகளுக்கான கூடுதல் வரி 90 நாட்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. இது தொடக்கத்திலிருந்தே அதிபரின் உத்தி என்று அவருடைய நிதியமைச்சர் பெசென்ட் சொன்னார். கடன் பத்திரச் சந்தையைத் தாம் கவனித்துக்கொண்டிருந்ததாகவும் மக்கள் கொஞ்சம் பதற்றமாகிவிட்டதாகவும் அதிபரே அதே நாளில் சொன்னார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், உத்தி என்ற சொல் எந்த நேரத்தில் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது விளங்கும். சீனாவின் மீதான வரி மட்டும் 145 விழுக்காடு வரை ஏறி, சீனா 125 விழுக்காடு என்று திருப்பி அடித்து, மே மாதம் ஜெனீவாவில் இருவரும் இறங்கிவந்தார்கள். அக்டோபரில் அரிய வகைத் தாதுக்களை வைத்து மறுபடி மல்லுக்கு நின்று, அந்த மாதக் கடைசியில் கொரியாவின் புசானில் மறுபடி கைகுலுக்கினார்கள். நம் ஊரில் பங்காளிகள் வரப்புத் தகராறில் செய்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை, வரப்பு கொஞ்சம் நீளம் என்பதைத் தவிர.

வல்லரசுகளுக்குத் திட்டமே கிடையாது என்று சொல்ல வரவில்லை. திட்டம் இருந்தாலும் பணம் அதைப் பாதி வழியில் மறித்துவிடுவதுண்டு. 1956-இல் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியபோது பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு கூடிப் படையெடுத்தன. களத்தில் அவர்களுக்குப் பெரிய தோல்வி ஒன்றுமில்லை. ஆனால் பவுண்டுக்கு நெருக்கடி வந்தது. படையை நிறுத்தாதவரை உதவி கிடைக்காது என்று அமெரிக்கா கையை விரித்தது. படைகள் இறங்கிய இரண்டாம் நாளே போர்நிறுத்தம். அடுத்த ஜனவரியில் பிரிட்டன் பிரதமர் ஈடன் பதவி விலகினார். நாசரின் துப்பாக்கியைவிட நட்பு நாட்டின் கஜானா பெரிய ஆயுதமாக இருந்தது.

ஆனால் அந்த ஆயுதமும் எப்போதும் வேலை செய்யாது என்பதற்கு உக்ரைன் போரே சாட்சி. 2022-இல் ரஷ்ய மத்திய வங்கியின் ஏறத்தாழ 30,000 கோடி டாலர் முடக்கப்பட்டது. ரூபிள் சரிந்து ஒரு டாலருக்கு 120-ஐயும் தாண்டியது. ரஷ்யா ஒழிந்தது என்றார்கள். சில மாதங்களில் ரூபிள் போருக்கு முந்தைய மதிப்பைவிட உயர்ந்து நின்றது. மூன்று நாளில் கீவ் விழும் என்றவர்களும் அதே அளவுக்கு ஏமாந்தார்கள். உங்கள் பெஞ்சில் இரண்டு கட்சிக்காரர்களும் அந்த ஆண்டு சொன்னவற்றை யாராவது எழுதி வைத்திருந்தால் இன்று படித்துப் பார்க்கச் சுவையாக இருக்கும். நம் வீடுகளுக்கு அந்தப் போர் சூரியகாந்தி எண்ணெய் வழியாக வந்தது. நாம் வாங்கிக்கொண்டிருந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்தது என்பது, மளிகைக் கடையில் விலை ஏறிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

அது வந்த இன்னொரு வழி இன்னும் சுற்றானது. ஐரோப்பா ரஷ்ய எண்ணெயை ஒதுக்கியதால் அது மலிவாகக் கிடைத்தது. அதுவரை இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயில் இரண்டு விழுக்காடுகூட இல்லாத ரஷ்யாவின் பங்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஏறியது. 2025 ஆகஸ்டில் அதையே காரணம் காட்டி அமெரிக்கா, முன்பே போட்ட 25 விழுக்காடு வரிக்கு மேல் இன்னொரு 25 விழுக்காட்டை நம் சரக்குகளின்மீது விதித்தது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிழக்கு உக்ரைனின் டோன்பாஸில் ஒரு பீரங்கி முழங்க, அவிநாசி சாலையோரக் கம்பெனி ஒன்றில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணுக்கு வாரச் சம்பளம் பாதியாகிறது. அந்தப் பெண் எந்த வல்லரசுக்கும் கைதட்டவில்லை.

இந்த இடத்தில் உங்கள் பெஞ்சுக்கு ஒரு செய்தி சொல்ல ஆசைப்படுகிறேன். ஈரான் பக்கமும் அமெரிக்கா பக்கமும் பிரிந்து நின்று சண்டை போட்டீர்கள் அல்லவா? நம் மணலியில் இருக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1965-இல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகிய மூவரும் கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. அமெரிக்கரும் ஈரானியரும் பங்காளிகளாக இருந்து லாபம் பிரித்துக்கொண்டது வடசென்னையில். 1979-இல் ஈரானில் புரட்சி வந்தது. எண்பதுகளில் அமோகோ விலகியது. ஈரானின் பங்கு நிலைத்தது. அமெரிக்கத் தடைகளால் 2019-இல் இந்தியா ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்தியபோது, ஈரான் பங்கு வைத்திருக்கும் ஆலைக்கே ஈரானிய எண்ணெய் வராத விசித்திரமும் நடந்தது. நிரந்தரப் பகை, நிரந்தர நட்பு என்றெல்லாம் யாராவது பேசினால் திருவொற்றியூர் வழியாக ஒருமுறை மணலிக்கு அழைத்துப் போங்கள்.

டாலரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உலக நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் டாலரின் பங்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுபது விழுக்காடு அளவில் இருந்தது. 2024-இல் ஐம்பத்தெட்டு விழுக்காடு போல. இறங்குகிறது என்பது உண்மை. இரண்டு ஆண்டில் காகிதமாகும் என்பதற்கு இதில் இடமில்லை. பவுண்டு உலக நாணயம் என்ற இடத்திலிருந்து இறங்க, எம்டன் வந்த ஆண்டிலிருந்து சூயஸ் ஆண்டு வரை, இரண்டு உலகப் போர்களும் நாற்பது ஆண்டுகளும் தேவைப்பட்டன. ரஷ்யாவின் பணம் முடக்கப்பட்டதைப் பார்த்த பிற நாடுகளின் மத்திய வங்கிகள், நாளை நம் பணத்துக்கும் இதுதானே என்று 2022 முதல் 2024 வரை ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் தங்கம் வாங்கியிருக்கின்றன. சென்னையில் 2025 ஜனவரியில் ஏறத்தாழ 57,000 ரூபாயாக இருந்த சவரன் அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே மேலாளர் காட்டும் திசை தவறில்லை, அவர் போடும் தேதிதான் தவறு. ஆனால் ஏப்ரலில் அவர் பேச்சைக் கேட்டு எதையோ விற்ற நீங்கள், இப்போது அவர் பேச்சைக் கேட்டு உச்ச விலையில் எதையோ வாங்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் மனைவியிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் பேசாமல் இருப்பதை நான் சினமென்று எடுத்துக்கொள்ள மாட்டேன். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்கிறாரோ என்னவோ.

அந்த விற்பனையைப் பற்றி உங்களை நீங்களே இவ்வளவு நொந்துகொள்ள வேண்டியதில்லை. 1942-இல் உளவுத்துறையும் கடற்படையும் கையில் இருந்த ஓர் அரசாங்கமே நகரத்தைக் காலி செய்துவிட்டு, வெறிச்சோடிய கடற்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. 2025 ஜூனில் அமெரிக்கா ஈரானின் அணுசக்தி நிலையங்களின்மீது குண்டு போட்டதும், பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை மூடப்படும், எண்ணெய் நூறு டாலரைத் தாண்டும் என்று அதற்கென்றே சம்பளம் வாங்குபவர்கள் எழுதினார்கள். உலகம் எரிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்ததால் அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. விலை எண்பது டாலரைத் தொட்டுவிட்டு இரண்டு நாளில் எழுபதுக்குக் கீழே இறங்கியது. 1991 ஜனவரியில் முதல் குண்டு விழுந்த மறுநாளும் எண்ணெய் விலை இப்படித்தான் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. அடுத்த முறையும் விழும் என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். நீரிணை உண்மையிலேயே மூடப்பட்டால் நம் சமையல் எரிவாயுவுக்கு அது மிகக் கெட்ட செய்தி. நாம் எரிப்பதில் பாதிக்கும் மேல் இறக்குமதி, அதில் மிகப்பெரும் பகுதி வளைகுடாவிலிருந்து வருகிறது.

பேசாமல் இருப்பது சரியா என்று கேட்டிருந்தீர்கள். பேசுங்கள். பெஞ்சு என்று ஒன்று இருப்பதே அதற்குத்தான். அடுத்த முறை யாராவது யார் ஜெயிப்பார் என்று தொடங்கினால், இதனால் எந்தச் சரக்கு எந்த வழியாக வருவது நிற்கும், அதற்கு யார் பணம் கட்டுவார் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு கொஞ்சம் மெதுவாகும். அம்பத்தூர் பட்டறைக்காரருக்கு மற்ற இருவரையும்விட இதில் அதிகம் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். இரும்பு விலையும் டீசல் விலையும் எதனால் ஏறின என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் அவர்.

உங்கள் மைத்துனரைப் பற்றி. ஜூன் 23 அன்று கத்தாரில் இருக்கும் அமெரிக்கத் தளத்தை நோக்கி ஈரானிய ஏவுகணைகள் வந்து, சில மணி நேரம் வான்வழி மூடப்பட்டதால் உங்கள் வீட்டில் அச்சம் பிறந்திருக்கும், அது இயல்பு. ஆனால் வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லும் தகுதி, இங்கே உட்கார்ந்திருக்கும் எனக்கோ உங்கள் பெஞ்சுக்கோ கிடையாது. என் சித்தப்பா 1990-இல் குவைத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அம்மான் வழியாக விமானத்தில் அழைத்து வரப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களில் அவரும் ஒருவர். அவர் அடிக்கடி சொன்னது இரண்டே செய்திகள். கடவுச்சீட்டைத் தன் கையில் வைத்திருந்தவர்கள் முதல் பேருந்தில் ஏறினார்கள். முதலாளியிடம் கொடுத்து வைத்திருந்தவர்கள் முதலாளியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பியவர்களுக்குப் பணம் மிஞ்சியது. அங்கேயே வங்கியில் சேர்த்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். சித்தப்பா இரண்டாம் வகை. ஈராக் குவைத் தினாரைச் செல்லாததாக்கிவிட்டதால் கையில் இருந்த நோட்டுகளும் பயன்படவில்லை, ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் வழியாகக் கொஞ்சம் பணம் வர ஆண்டுகள் பல ஆயின. அந்த நோட்டுகளில் நாலைந்தை அவர் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அவை கீழே விழும். சித்தி எடுத்துத் துடைத்து மறுபடி அங்கேயே செருகிவிடுவாள்.

தோஹாவுக்கு இன்றிரவு பேசும்போது, கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.